அடுப்பில் தூங்கும் பூனை

பாரதி 38 வயதில் போனார். புதுமைப்பித்தன் 1948-இல், 42 வயதில், காசநோயோடு போனார். இதிலிருந்து நாம் கண்டெடுத்த இலக்கிய விதி எளியது: அடுப்பில் பூனை தூங்கினால்தான் பேனாவில் மை ஊறும்.

அருமையான விதி. வீட்டிலிருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை எவ்வளவு உருகிச் சொல்கிறோம்! (அன்று மனைவி செல்லம்மாள் எதைச் சமைத்தார் என்று கேட்பது ரசனைக் குறைவு.) பாரதியின் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லையாம். அந்தக் கணக்கைச் சொல்லிக் கண்கலங்க இன்று மேடை கொள்ளாத கூட்டம்.

ஆகவே படைப்பாளியைக் கெடுத்துவிடாதீர்கள். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஒழுகாத கூரை: ஒரு காவியத்தை முளையிலேயே கிள்ள இவை போதும். இருமினால் மருந்து வேண்டாம், நோட்டுப் புத்தகம் கொடுங்கள். சிலை, தபால் தலை எல்லாம் பிறகு. உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்டால் கழுத்து உறுத்தும்.

இந்தக் கொள்கையில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, போன வாரம் வரை. கட்டுரையைக் கொடுத்துவிட்டுச் சன்மானம் கேட்டேன். ஆசிரியர் தோளைத் தட்டிக்கொடுத்தார்: "உங்களுக்குள்ள ஒரு பெரிய எழுத்தாளர் இருக்கார் சார். அவரை என் கையால கொல்ல மாட்டேன்."

வாசலில் ஆட்டோக்காரர் காத்திருந்தார். அவருக்கு இலக்கியம் தெரியவில்லை.