பாதிப் பழி பரம்பரைக்கு

கேள்வி: நானும் நண்பனும் தினமும் சேர்ந்துதான் ஓடுகிறோம். அவன் குதிரையாகிவிட்டான், எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. ஏன்?

பதில்: நண்பரை விடுங்கள், அவருடைய தாத்தா பாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள்! உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேருக்கு 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்தது குளோட் பூஷார் குழுவின் ‘ஹெரிடேஜ்’ ஆய்வு. 1999-இல் முடிவு வந்தது. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் ஏறியது, சிலருக்கு அநேகமாக ஏறவேயில்லை! ஒரே குடும்பத்தாரின் முன்னேற்றம் மட்டும் ஓரளவு ஒத்திருந்தது. ஆளுக்கு ஆள் உள்ள இந்த வித்தியாசத்தில் அதிகபட்சம் 47 சதவீதம் பரம்பரை வழி என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அதுவும் ஒற்றை ஜீன் வேலையல்ல, பல ஜீன்களின் கூட்டணி. ஆனாலும் முயற்சி உங்கள் கையில், அதாவது காலில் இருக்கிறது. ஓடுங்கள்!