ஐயாயிரத்தார்

சென்னையில் நாற்பது வீடு உள்ள எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் ஒரு செயலாளர் இருப்பார், ஒரு பொருளாளர் இருப்பார், தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட ஒருவர் இருப்பார், யார் லேப்டாப் வாங்கினாலும் யோசனை சொல்ல ஒருவர் இருப்பார். முதல் இருவரைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழு கூட்ட வேண்டும். கடைசி ஆளுக்கு அதெல்லாம் தேவையில்லை. எப்போதோ யாருக்கோ வைஃபை பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்திருப்பார். "அவருக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி" என்று மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள். நியமனம் முடிந்தது. அவர் ஐடி கம்பெனியில் பார்ப்பது சம்பளப் பட்டியல் வேலை என்பதை ஊரும் மறந்துவிடும், அவரும் மறந்துவிடுவார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஐயாயிரத்தார். பேச்சு எங்கே தொடங்கினாலும் "இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டீங்கன்னா..." என்ற இடத்துக்கு வந்து நிற்கும். வாக்கியத்தை முடிக்க மாட்டார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்ப்பார். மீதியை நம் ஆசை முடித்துக்கொள்ளும். அந்த ஐயாயிரம் ஒருபோதும் அவருடையது அல்ல என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை.

எங்கள் மூன்றாவது மாடியில் ஓர் ஆசிரியை இருக்கிறார். மகள் பி.காம். சேர்ந்திருந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் உண்டு. 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மூத்தவன் பிளஸ் டூ படித்தபோது வந்தது. டீச்சர் இன்றைக்கும் அதில்தான் வினாத்தாள் அடிக்கிறார். ஆன் செய்துவிட்டுக் குக்கரை வைத்தால் மூன்றாவது விசிலுக்கு விண்டோஸ் வந்துவிடும். மகளுக்கு அது போதாது. டீச்சர் ஐயாயிரத்தாரைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, விஷயத்தைச் சொன்னார். தீர்க்க வேண்டிய மின்கட்டணத் தகராறு ஒன்று இருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள ஒண்ணு சொல்லேன்."

"முப்பத்தஞ்சா? கிடைக்கும்க்கா, ஏன் கிடைக்காது. ஐ3, எட்டு ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி. ஆனா..." காப்பியை ஒரு மடக்கு குடித்தார். "இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டீங்கன்னா ரைசன் 5-க்குப் போயிடலாம்."

"அது நல்லதா?"

"நல்லதுதான். ஆனா நாப்பது போடறவங்க இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டா ஐ5, பதினாறு ஜிபி. அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

நாற்பத்தைந்தில் ஐந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றவர், ஐம்பதில் இருட்டிலும் எழுத்து தெரியும் கீபோர்டைக் காட்டினார். அறுபதில் கிராபிக்ஸ் கார்டு வந்தது. பி.காம். படிக்கும் பெண்ணுக்கு அது எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு ஐம்பதிலேயே போய்விட்டது. அறுபத்தைந்தைத் தொட்டபோது ஐயாயிரத்தார் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டா ஆஃபர்ல மேக்புக்கே வாங்கிடலாம். நோ காஸ்ட் ஈஎம்ஐ. இருபத்துநாலு மாசம். மாசம் மூவாயிரம்கூட இல்ல."

(நோ காஸ்ட் ஈஎம்ஐ பற்றி ஒரு வார்த்தை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துக்கொடுக்கிறார். வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கி பிடித்தால் பிராசசிங் கட்டணமும் நம் கணக்கில் விழும். 'நோ காஸ்ட்' என்பது அவ்வளவு நோ இல்லை.)

அதுவரை மொபைலில் முகம் புதைத்திருந்த மகள் நிமிர்ந்தாள். "அங்கிள், மேக்ல டேலி ஓடுமா?"

ஐயாயிரத்தார் காப்பி டம்ளரைப் பார்த்தார். காலியாக இருந்தது. "நேரடியா ஓடாதும்மா. டேலி விண்டோஸுக்குத்தான். அதுக்கு வேற வழி இருக்கு..."

"வேற வழின்னா எவ்வளவு தம்பி? அஞ்சாயிரமா?" என்றார் டீச்சர்.

எழுபதாயிரத்திலிருந்து பேச்சு மறுபடி முப்பத்தைந்துக்கு இறங்கியது. டேலி மிகச் சாதாரணமான லேப்டாப்பிலேயே ஓடும் கணக்கு மென்பொருள். முதலிலேயே "எதுக்கு வாங்கறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஐயாயிரத்தார் உலகில் அந்தக் கேள்வி கிடையாது. அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: பட்ஜெட் என்ன?

ஆனால் அவரை ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். நிறையத் தெரியும். அதுதான் சிக்கல். ரைசன் 5 7520யு என்று கடைக்காரர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் நாம் '7' இருக்கிறது, புதுசு என்று நினைப்போம். இவர் விடமாட்டார். "முதல் நம்பரைப் பார்க்கக் கூடாது சார், மூணாவதைப் பாருங்க. 2 இருக்கா? அது ஜென் 2. 2019-ல வந்த டிசைன். புதுச் சட்டை போட்டு அனுப்பியிருக்கான்." சொல்வது அத்தனையும் சரி. ஏஎம்டி அந்த 7000 வரிசைக்கு வைத்த பெயர் முறையே அப்படித்தான். அந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து வரும், பின்னால் கூட்ட முடியாது என்பதும் சரி. முதலில் அதைத்தான் நாற்பதாயிரத்துக்கு டீச்சருக்குச் சிபாரிசு செய்தார் என்பதை மட்டும் நாம் ஞாபகப்படுத்தக் கூடாது.

ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்தான் பெரிது என்று எல்லோரும் மயங்கிக் கிடந்த காலத்தில், "256 போதும், ஆனா எஸ்எஸ்டி வாங்குங்க" என்று வீடு வீடாகச் சொன்னவரும் இவரே. எங்கள் அடுக்ககத்தில் லேப்டாப்புகள் இன்று பொறுமையைச் சோதிக்காமல் திறக்கின்றன என்றால் அந்தப் புண்ணியம் இவருக்கு.

அதே மனிதர்தான் 2025 அக்டோபர் 14 அன்று அடுக்ககத்தையே கதிகலங்க வைத்தார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் அது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. காலை ஆறு மணிக்கு வாட்ஸாப் குழுவில் சிவப்பு எழுத்துப் படம் ஒன்று போட்டார். தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார், யூடியூபில் பழைய கச்சேரி கேட்பதற்கு மட்டும் லேப்டாப் வைத்திருப்பவர், பேங்க் பணம் போய்விடுமா என்று என்னிடம் ஓடி வந்தார். பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் இன்னும் ஓராண்டுக்குப் பெற்றுக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருந்தது. அதை அவர் குழுவில் போடவில்லை. நல்ல செய்தி அவருக்குச் சரிப்படாது.

எப்போது வாங்குவது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். ஆனியில் கேட்டால் ஆடித் தள்ளுபடி வரட்டும் என்பார். ஆடியில் கேட்டால் சுதந்திர தின சேல். அது முடிந்தால் ஆயுத பூஜையை ஒட்டி ஆன்லைன்காரன் அள்ளிக் கொடுப்பான். பிறகு தீபாவளி, புத்தாண்டு, குடியரசு தினம். நடுவில் ஒரு புதிய தலைமுறைச் சிப் வரப்போகிறது, வந்தால் பழசு விலை இறங்கும், பொறுங்கள் என்பார். பத்துப் பொருத்தமும் பார்த்துக்கொண்டே பெண்ணை முப்பத்தைந்து வயதாக்கிய குடும்பம் போல, இவர் பேச்சைக் கேட்ட இரண்டாவது மாடிக்காரர் மகன் லேப்டாப் இல்லாமலே டிகிரி முடித்துவிட்டான். 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை ஏறத் தொடங்கியது. இவர் ஒரே இரவில் கட்சி மாறினார். "இன்னும் வாங்கலையா? உடனே வாங்குங்க சார்!"

அந்த அவசரத்தில்தான் டீச்சரையும் மகளையும் ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனார். ஆட்டோவில் ஒரு இடம் இருந்தது என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று பிரியும் அந்தச் சந்துகளில் ஐயாயிரத்தாரின் நடையே மாறிவிடும். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். "லேப்டாப்பா சார்? சர்வீஸா? சார்ஜரா? சிசிடிவியா?" என்று இரு பக்கமும் பையன்கள் கூப்பிட, யாரையும் பார்க்காமல், "இவனுங்ககிட்ட வாங்கக் கூடாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த கார்ப்பரேட் பீஸ்களைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்புகள் அவை. கனமான உடம்பு, அருமையான கீபோர்டு, விலை பாதிக்கும் கீழே. "இது யானைக்கா. விழுந்தாலும் தரைதான் உடையும்." பேட்டரி எப்படி என்று டீச்சர் கேட்டார். யானைக்குப் பேட்டரி ஒரு மணி நேரம்தான் வரும் என்று கடைப் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

புது லேப்டாப் கடையில் இருபது வயதுப் பையன் ஒருவன் எங்களைப் பிடித்தான். ஐயாயிரத்தார் நிட்ஸ் கேட்டார், ஹெர்ட்ஸ் கேட்டார், ஐபிஎஸ் பேனலா என்று கேட்டார். பையன் அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினான்.

"மேடம், இது ஓகேதான். ஆனா இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டீங்கன்னா..."

ஐயாயிரத்தாரின் முகத்தில் வந்த பூரிப்பை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து பத்தாயிரமா ஆக்கிடாதீங்கப்பா."

பிறகு டீச்சர் தன் பரீட்சையை ஆரம்பித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'பின்வரும் வினாக்களுள் எவையேனும் ஐந்தனுக்கு விடையளி' என்று தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்தார். ஷிஃப்ட் கீ இன்னும் பெரிதாக இருக்கலாம் என்றார். திரையைச் சாய்த்து, பக்கவாட்டில் நின்று, மகளின் முகம் கறுத்துத் தெரிகிறதா என்று பார்த்தார். லேப்டாப்பைப் பையில் போட்டு மகள் தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார். "பஸ்ல நின்னுட்டுப் போறவ." சார்ஜர் ஒயரை முழம் போட்டு அளந்தார். சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டு, விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். இதில் ஒன்றுகூட ஐயாயிரத்தாரின் பட்டியலில் இல்லை. ஆனால் அவரும் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "தம்பி, ராம் ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கா?" இருந்தது. எட்டு ஜிபியில் வாங்கி, தேவைப்படும்போது இன்னொரு எட்டு போட்டுக்கொள்ளலாம். ஐ3-தான். முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. பையும் மவுஸும் இலவசம். டெம்பர்ட் கிளாஸ் போடுகிறேன் என்ற பையனிடம், இது போனில்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆட்டோ ஏறுவதற்குள் ஐயாயிரத்தார் மொபைலை எடுத்துவிட்டார். "அக்கா, இதே மாடல் ஆன்லைன்ல ஆயிரத்தி இருநூறு கம்மி." டீச்சர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐயாயிரத்தார் என்ன லேப்டாப் வைத்திருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். ஆபீஸ் லேப்டாப். வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஒரு மென்பொருள் ஏற்றவோ, திரையில் மகள் படத்தை வைக்கவோகூட அட்மின் அனுமதி இல்லை. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காக அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுக் கடன் தவணை, பெண்ணின் பள்ளிக் கட்டணம் என்று ஏதாவது முந்திக்கொள்கிறது. தவிர, அவர் பட்ஜெட்டில் அவர் மனசுக்குப் பிடித்தது எதுவும் இல்லை. எப்போதும் ஓர் ஐயாயிரம் இடிக்கிறது. ஊரார் பட்ஜெட்டை ஏன் ஏற்றுகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, வீட்டு உபயோகத்துக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், காப்பி கொடுங்கள், எஸ்எஸ்டியா, ராம் ஸ்லாட் இருக்கிறதா, மூன்றாவது நம்பர் என்ன என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்ஜெட் கேட்டால் கையில் இருப்பதில் பத்தாயிரம் குறைத்துச் சொல்லுங்கள். இரண்டு ஐயாயிரம் ஏறினாலும் கணக்கு சரியாக இருக்கும். வாங்கிவிட்ட பிறகு விலை விசாரித்தால், பில்லை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். வாரண்டிக்கு வேண்டும், பில்லை மட்டும் நிஜமாகத் தொலைத்துவிடாதீர்கள்.