அப்பாவுக்கு இன்று நல்ல மூடு

மார்ச் 20 உலக மகிழ்ச்சி நாள் என்று 2012இல் ஐ.நா. சபை தீர்மானம் போட்டது, முயற்சி பூட்டானுடையது. பிளஸ் டூ பரீட்சையும் ஆண்டுக் கணக்கு முடிப்பும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் மாதத்தில் இப்படியொரு நாளா! குசும்புதான்.

மகிழ்ச்சியான நாளை வீணாக்கக் கூடாது என்பார்கள். நம் ஊரில் யார் வீணாக்குகிறார்கள்? மகிழ்ச்சியாக இருப்பவரைத் தவிர எல்லாரும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆபீசர் சிரித்த முகத்தோடு வருவதை முதலில் மோப்பம் பிடிப்பவர் பியூன். பத்தே நிமிடத்தில் லீவ் லெட்டர், நிலுவையில் கிடந்த பயணப்படி பில், இடமாற்ற விண்ணப்பம் எல்லாம் மேசையில் குவிந்துவிடும்.

வீட்டில் தொழில் இன்னும் சுத்தம். அப்பா குளியலறையில் பாடினால் போதும்; கணக்கில் பெயிலான ரேங்க் கார்டு கையெழுத்துக்கு வெளியே காத்திருக்கும். மைத்துனரின் கைமாற்றுக் கோரிக்கை, காபியோடு வரும். காபியும் அன்றைக்கென்று கொஞ்சம் திக்காக இருக்கும்.

சாயங்காலம் மனிதர் எரிந்து விழுவார். "காலையில நல்லாத்தானே இருந்தார்?" என்று வீடே வியக்கும். பாட்டி மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவார். நெடியே வரவில்லை, திருஷ்டியேதான்! யார் கண் பட்டது என்ற பட்டியலில் எதிர்வீட்டு மாமி முதல் பால்காரர் வரை இருப்பார்கள். மைத்துனர் மட்டும் இருக்க மாட்டார்.