கூறும் நண்டும்: அணிமொழிக்குள் பொருள் புகுந்த விதம்

அணிமொழி என்பது மீனை ஒவ்வொன்றாக எண்ணாமல் கூறு கட்டி விலை பேசும் கணினிமொழி. எண்களை வரிசையாகவோ கட்டமாகவோ, அதாவது 'அணி'யாக, மொத்தமாக அள்ளி, ஒரே குறியில் கூட்டும், திருப்பும், அடுக்கும். கென்னத் ஐவர்சன் 1962இல் எழுதிய நூலிலிருந்து அவ்வகை மொழியான ஏபிஎல் பிறந்தது. அதன் குறிகளைத் தட்டச்சு செய்ய ஐபிஎம் தனி எழுத்துருண்டையே செய்ய வேண்டியிருந்தது. பழவேற்காடு ஏரியோரச் சுண்ணாம்புக்குளத்துக் கரையில் அதே வேலைக்கு ஒரு கூடையும் உரத்த குரலும் போதும்.

அந்த ஏரியின் பட்டினவர் மீனவக் குப்பங்கள் சிலவற்றில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடம் யாருக்கு, எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதன் உறவுமுறை ஒன்று இருக்கிறது. ஏபிஎல்லில் ஒரு கேள்விக்குறியின் இருபுறமும் 5 என்று எழுதினால், 1 முதல் 5 வரையான எண்கள் ஒன்றும் இரட்டிக்காமல் கலைந்து வந்து நிற்கும். அதுவே சீட்டு. மறுநாள் முறையை ஒரு படி தள்ள இன்னொரு குறி. தகராறு வந்தால் குப்பத்துக்குப் பஞ்சாயத்து இருக்கிறது. ஏபிஎல்லுக்குப் பிழைச்செய்தி மட்டுமே.

சிக்கல் படகிலிருந்து தொடங்குகிறது. படகுக்குப் பெயர் உண்டு, வலை உண்டு, கடனும் உண்டு. பழைய அணிமொழியில் இவை மூன்று தனி வரிசைகள். பெயர்வரிசையை மட்டும் அகரவரிசையில் அடுக்கிவிட்டுக் கடன்வரிசையை மறந்தால், ஒருவர் வாங்கிய கடன் அடுத்தவர் தலையில் விழும். ஆகவே தகவலையும் நடத்தையையும் ஒரே உடம்பில் கட்ட வேண்டும். நார்வேயில் சிமுலா 67 தொடங்கிவைத்த அந்தக் கட்டுக்குப் 'பொருள்' என்று பெயர். கொடுக்கு கட்டிய பச்சை நண்டு இதற்குத் தக்க சான்று: உள்ளே சதை பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்க்க முடியாது, அமுக்கிப் பார்க்கலாம். ஒரு வகைப் பொருளின் இயல்பை அதன் வழிவந்த வகை பெறும் மரபுரிமை என்பதையோ, தகப்பன் வழியில் பாடு உரிமை பெற்ற தலைக்கட்டுகளுக்கு விளக்கவே வேண்டாம்.

ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990இல் கொண்டுவந்த ஜே மொழி, ஓலைத்தட்டி வைத்து அறை தடுப்பதுபோலப் பெயர்வெளிகளைத் தடுத்தே பொருளைச் சமாளிக்கிறது. ஏபிஎல்லின் ஒரு வடிவமான டையலாக் ஏபிஎல் 2006இல், 11ஆம் பதிப்பில், பொருள்களை வார்க்கும் அச்சான வகுப்புகளையே சேர்த்தது. அதன் புள்ளிதான் கெட்டிக்காரத்தனம். 'படகுகள்.வலை' என்றால் எல்லாப் படகின் வலையும் ஒரே வரிசையில் வரும். பொருள் வந்த பிறகும் கூறு கலையவில்லை.

ஒரு வேறுபாடு மட்டும் நீடிக்கிறது. அணியை இன்னொரு பெயரில் எடுத்துவைத்து மாற்றினால் பழையது அப்படியே இருக்கும். பொருளுக்கு இரண்டு பெயர் வைத்தாலும் நண்டு ஒன்றுதான்; ஒரு பெயரால் கயிற்றை அவிழ்த்தவர், மற்றப் பெயரை நம்பிக் கைவைத்தவரின் விரலுக்குப் பொறுப்பாளி.