மாரியோ வித்வான்

மூலையில் சாய்த்து வைத்த கிதார் விருந்தாளி கண்ணில் பட்டால் அடுத்த கேள்வி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். "தம்பி, 'இளைய நிலா' வாசிப்பீங்களா?" 1982இல் இளையராஜா பாட்டுக்கு இசையமைத்தாரோ இல்லையோ, அன்றிலிருந்து கிதார் வாங்கிய தமிழன் ஒவ்வொருவன் தலையிலும் அது வரியாக விழுந்துவிட்டது. நம் வித்வான் மட்டும் அந்த வரியைக் கட்டுவதில்லை. "அது வராது மாமா. மாரியோ வரும்." யாரோ இத்தாலிய மேதை போலிருக்கிறது என்று மாமா மரியாதையாகக் காலை மடக்கி உட்காருகிறார்.

மேதை ஜப்பான்காரர். 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு இசை போட்ட கோஜி கோண்டோ. அந்த நிண்டெண்டோ பெட்டியில் இருந்தது மொத்தம் ஐந்தே ஒலிச் சேனல்: மெட்டுக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, தாளம் தட்ட வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துணுக்குக்கு ஒன்று. மாரியோ குதித்தாலே அந்தச் சத்தம் ஒரு சேனலைப் பிடுங்கிக்கொள்ளும். அவ்வளவு ஏழ்மை. ஆறு கம்பி இருக்கிற நமக்கு என்ன குறை என்பது வித்வானின் வாதம். கட்டைவிரல் பேஸைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டு இரண்டையும் பங்கு போட்டுக்கொள்ள, நடுநடுவே உள்ளங்கை கிதாரின் வயிற்றில் பொத்தென்று விழும். அதுதான் டிரம்ஸ். சும்மா சொல்லக்கூடாது, லேசில் கைவராத வித்தை. நாலு கார்டைக் கற்றுக்கொண்டு ஆயுள் முழுக்கக் கல்லூரி விழாக்களை ஓட்டிவிடுகிற கூட்டத்தோடு இவரைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

சிக்கல் வேறு இடத்தில். இந்த இசைக்கு மங்களம் கிடையாது. ஆடுகிறவன் ஜெயிக்கும்வரை, அல்லது சாகும்வரை, சுற்றிச் சுற்றி வரட்டும் என்றே போட்டது. வித்வானும் சுற்றுகிறார். மாமாவின் காபியில் ஏடு படிகிறது. ஆட்டத்தில் நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் பாட்டு வேகமெடுக்கும் இல்லையா, அதையும் விடுவதில்லை. "யாருடா துரத்துறா உன்னை?" என்று அடுப்படியிலிருந்து அம்மா. அவர் கை தவறி டம்ளர் உருண்டால் மாரியோ செத்த மெட்டு ஒரு தடவை. உடனே புது உயிர், பழையபடி முதலிலிருந்து.

ராத்திரி பதினோரு மணிக்கு ஆளே வேறு. 2013இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆட்டத்துக்கு அர்ஜென்டினாவின் குஸ்தாவோ சாந்தவோலாயா போட்ட இசை. ஒரு கம்பியைத் தொட்டால் அடுத்ததைத் தொடுவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். உலகமே அழிந்த பிறகு நடக்கிற கதை, அப்படித்தான் இருக்கும். வீட்டில் அதைக் காதல் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை ஜாதகம் ஜோசியர் வீட்டுக்குப் போனது.

ஆனால் ரசிகர் அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. உறவில் ஒரு கிரகப்பிரவேசம். வித்வான் மாடிப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்ததும், சஃபாரி போட்ட வங்கி மேலாளர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். சிறு வயதில் கேசட்டை ஊதி ஊதிச் செருகிய தலைமுறை. குழி வருகிற இடத்தில் அவருடைய வலது கட்டைவிரல் தானாக அழுந்தியது.

"தம்பி, பாதாளத்துக்குள்ள இறங்கினா வேற மியூசிக் வருமே?"

"வரும் சார். அது இதைவிடச் சின்னது. இன்னும் சீக்கிரமா திரும்பி வரும்."

"போடுங்க, போடுங்க."

"ஏங்க, கடைசிப் பந்தி!" என்று கீழேயிருந்து அவர் மனைவி.

"இரு, இந்த லெவல் முடியட்டும்."