மில்லிமீட்டர் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

கலிஃபோர்னியா மாநிலம், கூப்பர்டினோ, ஆப்பிள் நிறுவன வடிவமைப்புப் பிரிவினரின் மேலான கவனத்துக்கு,

2008 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பழுப்புக் கவருக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். லேப்டாப் என்று பிறந்தால் கவருக்குள் நுழைந்தாக வேண்டும் என்ற விதி அன்று எழுதப்பட்டது. அதைக் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டுகிறவர் யாரும் இல்லை என்பதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பாஞ்ச் வைத்த பையில்தான் எல்லோரும் கொண்டுபோகிறார்கள். தாங்கள் பாடுபட்டுச் செதுக்கிய மில்லிமீட்டர்களை அந்த ஸ்பாஞ்ச் அப்படியே விழுங்கிவிடுகிறது. ஆகவே துணிந்து சொல்கிறேன்: தோள் வலிப்பது எடையால்தான். மெலிந்தது என்றாலே எடை குறைந்தது என்று எங்களை நம்பவைத்து, அதற்குத் தனியாக ஒரு விலையும் வாங்கிவிட்டீர்கள்.

சான்றுக்கு வெளியே போக வேண்டியதில்லை, தங்கள் அளவுப் பட்டியலே போதும். 2020-இல் வந்த எம்1 ஏரின் அதிகபட்சத் தடிமன் 16.1 மி.மீ., எடை 1.29 கிலோ. 2022-இன் எம்2 ஏர் 11.3 மி.மீ., 1.24 கிலோ. ஏறக்குறைய 5 மி.மீ. கரைந்ததற்குத் தோளுக்குக் கிடைத்த சலுகை 50 கிராம். 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக் 13.1 மி.மீ.; எம்2 ஏரைவிடத் தடிமன், ஆனால் 920 கிராம்தான். (திரை சிறியது, ஒப்புக்கொள்கிறேன்.) எல்ஜி நிறுவனம் 2019-இல் விற்ற 17 அங்குல ‘கிராம்’ லேப்டாப்போ 17 மி.மீ.க்கும் மேல், எடை சுமார் 1.34 கிலோ. அத்தனை பெரிய திரை, எச்டிஎம்ஐ, பழைய யுஎஸ்பி எல்லாம் இருந்தும் எம்1 ஏரைவிட ஐம்பது கிராம்தான் கூடுதல். காரணம் எளிது. எடையைத் தீர்மானிப்பவை உலோகமும் பேட்டரியும் கண்ணாடியும். உள்ளே இருக்கும் காற்றைப் பிழிந்து எடுத்தால் தடிமன் குறையும். காற்றுக்கு ஏது எடை? அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியக் கலவை போட்டால் உடல் லேசாக வளையும், தட்டினால் பிளாஸ்டிக் போல ஒலிக்கும் என்பீர்கள். உண்மைதான். லேப்டாப்பைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது குறை.

மெலிவுக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம். அந்த 12 அங்குல மேக்புக்கில் ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டைப் புகுத்தினீர்கள். கீ கீழே இறங்கும் தூரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒரு தூசி உள்ளே போனால் போதும், எழுத்து விழாது; அல்லது ஒருமுறை அழுத்தினால் இரண்டு விழும். அதற்குத் தங்கள் உதவிப் பக்கம் சொன்ன பரிகாரம் அருமையானது: லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து, காற்று டப்பாவால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும், பிறகு வலப்பக்கம் திருப்பி ஊத வேண்டும், பிறகு இடப்பக்கம். ஆரத்தி எடுப்பது போல. தூசி இறங்காவிட்டால் சர்வீஸ் சென்டர். கீபோர்டு மேல்தட்டோடு பிணைந்தது, பேட்டரி அதே தட்டில் ஒட்டியது; ஆகவே ஒரு கீக்கு நோய் என்றால் மூன்றையும் மாற்ற நேரும். 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தீர்கள். 2022-இல் அமெரிக்க வழக்கொன்றை முடிக்க 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டீர்கள். நடுவில், 2019 இறுதியில், 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கீபோர்டு முறைக்கே திரும்பினீர்கள். 15.5 மி.மீ. இருந்த பெரிய ப்ரோ 16.2 ஆனது, 2021-இல் எச்டிஎம்ஐயும் எஸ்டி கார்டு துளையும் திரும்பி வந்தபோது 16.8. தடித்துவிட்டதே என்று அழுதவர் யாரையும் காணோம்.

இதற்கு மறுப்பு உண்டு. 2008-இல் ஏரிலிருந்து சிடி டிரைவை எடுத்தபோதும் கூச்சல் எழுந்தது, கடைசியில் தாங்கள் சொன்னதே சரியாயிற்று. ஆம், ஆனால் சிடியின் கதையை முடித்தது இணையம். 2016-இல் ப்ரோவிலிருந்து எச்டிஎம்ஐயைப் பிடுங்கியபோது வகுப்பறைப் புரொஜெக்டர்கள் உயிரோடுதான் இருந்தன. அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம், மிச்சம் பிடித்த கிராமில் கொஞ்சம் அங்கே போயிற்று. ஃபேன் இல்லாமல், சத்தம் இல்லாமல், நாள் முழுக்க ஓடும் எம்1 ஏரைக் காட்டுவீர்கள். அது அருமையான கருவி. ஆனால் எம்1 சிப்பைத் தாங்கள் வைத்தது பழைய இன்டெல் ஏரின் அதே உடலில், ஒரு மில்லிமீட்டரும் குறைக்காமல். பெருமை சிப்புக்குச் சேர வேண்டியது. குறிப்பெடுக்கும் மாணவருக்கு ஃபேன் இல்லாதது இழப்பே இல்லை. நீண்ட வீடியோவை வெட்டி ஒட்டுகிறவருக்கு, சூடேறியதும் வேகம் குறைவது இழப்புதான். மெலிந்ததைத்தானே மக்கள் வாங்குகிறார்கள் என்பது கடைசி வாதம். கடை மேசையில் கண்ணுக்குத் தெரிவது தடிமன் மட்டும். எடை தெரிய, பையில் போட்டு வெயிலில் நடக்க வேண்டும்.

மெலிய வேண்டுமானால் மெமரியை மதர்போர்டோடு பற்றவைத்தே ஆக வேண்டும் என்ற சமாதானமும் இனி செல்லாது. 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16 மி.மீ.க்குள், 1.3 கிலோவில், மெமரி, பேட்டரி, போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வாங்கியவரிடமே ஒப்படைத்தது.

ஆகவே தாழ்மையான வேண்டுகோள்: அடுத்த விளம்பரத்தில் மில்லிமீட்டரைப் பொடி எழுத்திலும் கிராமைப் பெரிய எழுத்திலும் போடுங்கள். அந்தக் கிராமில் சார்ஜரையும் அடாப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க மனம் அரித்தால், அந்த இடத்தில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் வையுங்கள்.

இப்படிக்கு,
பை சுமக்கும் வாடிக்கையாளர்