கனடா போற பெடியனுக்கு நாலு புத்தி

மோனை, கனடாவுக்குத் தனியப் போறியாம். நல்ல காரியம். குறிகட்டுவானுக்கு லோஞ்ச் வெளிக்கிட முந்தியே தேசிக்காய் மணக்கிற ஆள், அத்திலாந்திக்கைத் தாண்டப் போறாய். இந்த நெடுந்தீவே கூடி உனக்கு மாலை போட வேணும்.

போகாத எண்டு நான் சொல்லுவனோ? தீவுச்சனம் வெளிக்கிடுறது புதினமே? வெள்ளைக்காரன் காலத்தில மலாயா ரெயில்வேக்குக் கிளாக்கராப் போச்சினம். ஊர்காவற்றுறை கரம்பனில பிறந்த தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்சு, 1966 இல கோலாலம்பூரில முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினவர். அவர் கொண்டுபோனது தமிழ். நீ கொண்டுபோறது கொம்மா இடிச்ச மிளகாய்த்தூள். அதுவும் குறைச்சலில்லை, உலை வைக்கத் தெரிஞ்சால் உன்னைக் காப்பாத்தும்.

கடலால போனவையின்ர கதையையும் கேள். 1986 ஆவணியில, கனடாவின்ர நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிட்ட, ரெண்டு உயிர்காப்புப் படகில மிதந்த 155 தமிழரை மீன்பிடிகாரர்தான் கண்டு ஏத்தினவை. எங்கயிருந்து வாறியள் எண்டு கேக்க, இந்தியா எண்டினம். பாத்தால் அவையைக் கொண்டுவந்த கப்பல் வெளிக்கிட்டது மேற்கு ஜேர்மனியில. 2010 இல 'சன் சீ' கப்பலில 492 பேர் போய் இறங்கிச்சினம். இறங்கின உடன மறியல், கனபேருக்கு மாதக்கணக்கில. அவை உயிருக்குப் பயந்து ஓடின சனம். 1985 வைகாசியில எங்கட குமுதினிப் படகுக்குள்ள வெட்டுப்பட்டவையைத் தூக்கின ஊரடா இது; அந்தப் பயம் எனக்கு விளங்கும். நீ எதைக் கண்டு ஓடுறாய்? மாமன்ர பெடியன் அனுப்பின படத்தைக் கண்டு!

அந்தப் படத்தை நானும் பாத்தனான். பனி கொட்டிக் கிடக்கு. பெடியன் கறுத்தக் கண்ணாடி, பின்னால சிவத்தக் கார். வடிவாப் பார் மோனை: காரில சாயாமல் ஒரு சாண் தள்ளி நிக்கிறான். சொந்தக் கார்க்காரன் ஏன் தள்ளி நிக்கிறான்? கையையும் பார். விரல் நுனியெல்லாம் வெளிறி ஊதிப்போய்க் கிடக்கு. அது பனியில விறைச்ச விரலில்லை, கோப்பை கழுவி ஊறின விரல்.

கோப்பை கழுவிறதில ஒரு வெக்கமுமில்லை. எங்கட கோயில் திருவிழாவும் பள்ளிக்கூடக் கட்டடமும் எத்தினை பேர் அங்க கழுவின கோப்பையால எழும்பினது! வெக்கம் எதிலயெண்டால், கழுவிறதை மறைச்சுக் காரைக் காட்டுறதில. அந்தக் காரை நம்பித்தானே கொப்பர் பனங்காணியை ஈடு வைச்சு ஏஜென்சிக்காரனுக்கு எண்ணிக் குடுத்தவர்.

சரி, போ. போக முந்தி சோறு கறி சமைக்கப் பழகு. அந்த நாட்டுப் பாஷையைப் படி. ஏஜென்சிக்காரன்ர வாயைப் பாக்காமல் விசாக் கடதாசியை நீயே வாசி, விளங்காட்டில் விளங்கினவனைக் கேள். முதல் பனிக்காலம் பேஸ்மென்ற் அறையில தனியக் கிடக்க அழுகை வரும். கொம்மாவுக்குப் போன் எடுத்து வாய்விட்டு அழு. ராசா மாதிரி இருக்கிறன் எண்டு மட்டும் புளுகாத.

படம் அனுப்பிறதெண்டால் கோப்பையும் கையுமா நிண்டு எடுத்து அனுப்பு. அதைப் பாத்த பிறகும் வரத்தான் போறன் எண்டு நிக்கிறவன் அங்க வந்து தாக்குப்பிடிப்பான். மற்றவன் கொப்பற்ற காணியையாவது மிச்சம் பிடிப்பான்.